பதினெட்டு கிலோ கறி போன வழி

இந்த அவைக்குத் தலைமை ஏற்று, மின்விசிறிக்கு நேர் கீழே வீற்றிருக்கும் எங்கள் கழகத் தலைவர், வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கையொப்பமிட்டு ஓய்ந்த பெருந்தகை ஆதிநாராயணன் அவர்களே! வரவேற்புரையை இரண்டே நிமிடத்தில் முடித்து மனித குலத்துக்கு வழிகாட்டிய செயலாளர், முன்னாள் அஞ்சலக அதிகாரி அம்மையார் கிருஷ்ணவேணி அவர்களே! விழுப்புரம் திண்டிவனம் தடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் விசில் ஊதி, இன்று முதல் வரிசையில் புதுப் பல்செட்டோடு புன்னகை பூக்கும் முன்னாள் நடத்துநர் அண்ணன் சவுரிராயன் அவர்களே! தாய்மார்களே! தந்தைமார்களே! உடல் இங்கும் உள்ளம் சமையல்கட்டிலுமாக அமர்ந்திருக்கும் கடைசி வரிசைப் பெருமக்களே! உங்கள் அனைவருக்கும், ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியன் சித்தார்த்தனின் வணக்கம்.

கடந்த மாதம் பதினோராம் தேதி, காலை பத்தே முக்கால் மணிக்கு, நமது மூத்தோர் மதிய உணவுக் கழகத்தின் செயற்குழு ஒரு முடிவை எடுத்தது. அந்த முடிவுக்கு முன் இருந்த கழகம் வேறு, பின் இருக்கும் கழகம் வேறு. ஆண்டு விழாவில் இனி முதலில் உரை, பிறகு உணவு! இதுதான் அந்த முடிவு. கதவுகள் சாத்தப்பட்ட அறையில், தேநீர் இருமுறை வரவழைக்கப்பட்டு, இரண்டு மணி நேர விவாதத்துக்குப் பின் இந்தத் தீர்மானம் நிறைவேறியது.

ஏன் இந்த மாற்றம்? சென்ற ஒன்பது ஆண்டுகளும் முதலில் உணவு, பிறகு உரை என்பதே நடைமுறை. அந்த ஒன்பது ஆண்டுகளிலும் சிறப்புரையின் இறுதிவரை மண்டபத்தில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் மைக்செட்காரர், அவருக்கு மைக்கைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இன்னொருவர் உறங்கிக்கொண்டிருந்தார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது தலைமை தாங்குகிறார்.

தீர்மானத்தை எதிர்த்தவர் ஒருவர் உண்டு. சவுரிராயன் அண்ணன். "வயிறு காலியா இருந்தா காது எப்படிங்க கேக்கும்?" என்று அவர் எழுப்பிய வினாவுக்கு அறிவியல் இன்றுவரை விடை சொல்லவில்லை.

அதே கூட்டத்தில் இன்னொரு முடிவும் எடுக்கப்பட்டது. அதற்குக் காரணமும் சவுரிராயன் அண்ணன்தான். சென்ற ஆண்டு விருந்து உங்களுக்கு நினைவிருக்கும். அன்று சமைத்தவர் வேறொருவர். ஆடு, வாழ்வில் காண வேண்டியதையெல்லாம் கண்டு முடித்த ஆடு. அண்ணன் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். கறி உடையவில்லை. மேல் பல்செட்டு உடைந்தது. செயற்குழு விசாரித்தபோது அண்ணன் அளித்த வாக்குமூலம் இது: "நான் ஆட்டைக் கடிக்கலங்க. ஆடுதான் என்னைக் கடிச்சிது."

ஆகவே இந்த ஆண்டு சமையல் புதியவர்கள் கைக்கு வந்தது. மண்டகப்பட்டைச் சேர்ந்த பிரபாவதி அவர்களும் அவருடன் நான்கு பெண்களும். பத்து ஆண்டுகளாகப் பிறர் அண்டாவுக்கு வெங்காயம் உரித்தவர்கள், பிறர் அண்டாவைத் தேய்த்துக் கவிழ்த்தவர்கள். இன்று அவர்கள் பெயரில் ஏறியிருக்கும் முதல் அண்டா இது. தீர்மானம் என்ன சொல்கிறது? "கறியின் மென்மை குறித்து எந்தப் பல்செட்டிலிருந்தும் புகார் எழாவிடில், வரும் பன்னிரண்டு மாத மதிய உணவும் பிரபாவதி குழுவினருக்கே." ஒரு புகார் வந்தாலும் அவர்கள் மறுபடி வெங்காயத்துக்குத்தான் போக வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் ஐந்து குடும்பங்களின் ஓராண்டு வெந்துகொண்டிருக்கிறது. அதை மனத்தில் வைத்துக்கொண்டு என் உரையைக் கேளுங்கள்.

எனக்குத் தந்த தலைப்பு புரதம். பொருத்தமான தலைப்பு. நீங்கள் காத்திருப்பதும் அதற்காகத்தான்.

புரதம் என்பது என்ன? முட்டையா? பருப்பா? கெடார் ஊர் மல்லாட்டை என்கிறோமே, அந்த வேர்க்கடலையா? அவையெல்லாம் புரதம் குடியிருக்கும் வீடுகள். குடியிருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் சவுரிராயன் அண்ணனின் பேருந்தில் ஏறுங்கள். அமினோ அமிலங்கள் என்று இருபது வகைப் பயணிகள். ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி, கைவிடாமல், நூற்றுக்கணக்கில் ஒரே சங்கிலியாக ஏறுகிறார்கள். சிலருக்குத் தண்ணீர் ஆகாது. அவர்கள் உள்ளே போய்ப் பதுங்குவார்கள். சிலருக்குத் தண்ணீர் என்றால் உயிர், படிக்கட்டிலேயே நிற்பார்கள். சிலர் ஒருவரையொருவர் கண்டதும் ஒட்டிக்கொள்வார்கள். சிலர் பாகம் பிரித்துக்கொண்ட பங்காளிகளைப் போல விலகி நிற்பார்கள். இத்தனை இழுபறியும் முடிந்த பிறகு, அந்தச் சங்கிலி தனக்கே உரிய ஒரு வடிவத்தில் மடிந்து அமரும். அந்த வடிவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. வடிவம் இருக்கும்வரை வேலை உண்டு. வடிவம் குலைந்தால் வேலை போயிற்று.

என்ன அண்ணே சொல்கிறீர்கள்? "எங்க பஸ்ல நான் உள்ள போ, உள்ள போன்னு கத்துனாதான் மடிவானுங்க" என்கிறார். உடலிலும் அப்படி உண்டு அண்ணே. தாமாக மடியத் தெரியாத புரதங்களை மடித்து அமர வைப்பதற்கென்றே வேறு சில புரதங்கள் இருக்கின்றன. இருபத்து நான்கு மணி நேரமும் பணி. ஓய்வூதியம் கிடையாது.

மூச்சுக்காற்றைச் சுமந்துகொண்டு குருதியில் ஓடுவது எது? புரதம்! சாப்பிட்ட சர்க்கரைக்குக் கடிவாளம் பூட்டுவது எது? புரதம்! கிருமி நுழைந்தால் அடையாளம் கண்டு மடக்குவது எது? புரதம்! நகம் எது? புரதம்! நம் தலைவரின் மீசை எது? புரதம்! அதன் கறுப்பு மட்டும் கடையில் வாங்கியது.

கண்ணுக்குத் தெரியாத இந்த வடிவத்தை எப்படிக் கண்டார்கள்? மரக்காணத்து உப்பளத்தில் உப்பு விளைவது போலப் புரதத்தைப் படிகமாக விளைய வைத்தார்கள். அதன்மீது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சினார்கள். சிதறி விழுந்த புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஒரே ஒரு புரதத்தின் உருவத்தைக் காண இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர்கள் உண்டு. இப்போது சங்கிலியின் வரிசையைக் கொடுத்தால் கணினியே வடிவத்தை ஊகித்துச் சொல்கிறது. இருபது கோடிப் புரதங்களுக்கு மேல் ஊகித்தாயிற்று. ஊகம் சரிதானா என்று பார்க்க மறுபடியும் ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும்.

ஒரு நிமிடம். பிரபாவதி குழுவில் வெங்காயப் பொறுப்பு வகிக்கும் ரோஜா அவர்கள் ஒரு சீட்டு கொண்டு வந்திருக்கிறார்கள். படிக்கிறேன். "அய்யா இன்னும் பத்து நிமிசம் பேசவும்." கேட்டீர்களா! முப்பத்தோராண்டு ஆசிரியப் பணியில், இன்னும் பேசு என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. கடைசி வரிசையில் யாரோ முனகுகிறார்கள். முனகட்டும். தீர்மானம் தீர்மானம்தான்.

கறிக்கு வருவோம். ஆட்டின் தசை புரத நார்களால் ஆனது. அந்த நார்களைக் கட்டுக் கட்டாகச் சுற்றியிருக்கும் உறையும் ஒரு புரதம்தான். முறுக்கிய கயிறு போன்றது. ஆட்டுக்கு வயது ஏற ஏற அந்தக் கயிறு இறுகும். சென்ற ஆண்டு அண்ணனின் பல்செட்டோடு மோதியது அந்தக் கயிறு. அதை எப்படித் தளர்த்துவது? பொறுமையாக வேகவைக்கலாம். அல்லது நம் கொல்லைகளில் காய்த்துத் தொங்கும் பப்பாளிக்காயைக் கூப்பிடலாம்.

பப்பாளிக்காயைக் கீறினால் பால் வடிகிறதே, அதற்குள் இருப்பதும் ஒரு புரதம்தான். அதன் வடிவம் கத்தரிக்கோலுக்கு ஒப்பானது. மற்றப் புரதங்களின் சங்கிலியைக் கண்ட இடத்தில் வெட்டும். புரதத்தை வெட்டும் புரதம்! தன் இனத்தைத் தானே வெட்டும் தொழில் மனிதனுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். இல்லை. இந்தக் கத்தரிக்கோலுக்கு ஒரு குணம் உண்டு. குளிர்ச்சியில் மந்தமாக வெட்டும். இளஞ்சூட்டில் சுறுசுறுப்பாக வெட்டும். கை வைத்தால் பொறுக்காத சூட்டில் வெறிகொண்டு வெட்டும். தளதளவென்று கொதித்தால் அதன் வடிவமே குலைந்து ஓய்ந்துவிடும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டை ஆகாதது போல, அதுவும் திரும்ப எழாது.

மறுபடியும் ரோஜா அவர்கள். இன்னொரு சீட்டு. "கறியைக் காணோம்."

அமைதி! அமைதி! எல்லோரும் அமருங்கள். தலைவர் அவர்களே, நாற்காலிமேல் ஏறாதீர்கள், அது மண்டபத்து நாற்காலி. "கேட்டைச் சாத்துங்கய்யா! ஒரு வண்டியும் வெளிய போவக் கூடாது!" என்கிறார் தலைவர். சாத்தியாயிற்று. கடைசி வரிசையில் எழுந்து நிற்கும் பெரியவரே, என்ன சொன்னீர்கள்? உரக்கச் சொல்லுங்கள். "காலைல பதினெட்டு கிலோ எட போட்டதை நானே பாத்தேன். கறிக்குக் கால் மொளச்சிதா? மண்டகப்பட்டுக்குப் பார்சல் போயிருக்கும்!"

இது சிறிய சொல் அல்ல ஐயா. பல்செட்டுப் புகார் வந்தால் போவது ஓராண்டு வேலை. இந்தச் சொல் நின்றுவிட்டால் போவது ஐந்து பெண்களின் பெயர். ஆகவே இந்த மேடையை இப்போதே நீதிமன்றம் ஆக்குகிறேன். பிரபாவதி அம்மா, மேலே வாருங்கள். கரண்டியோடே வாருங்கள். இந்த மைக்கில் சொல்லுங்கள்.

கேட்டீர்களா அவர் சொன்னதை? மைக் இரைந்தது; மீண்டும் நான் சொல்கிறேன். "கறி எங்கயும் போவலங்க. நான் அண்டாவ வுட்டு நவுரவே இல்ல. கரண்டிய வுட்டுத் துழாவுனா எலும்பு வருது, கறி வரல. எலும்பும் வெளக்கி வெச்ச மாதிரி பளபளன்னு வருது. எனக்கே பேஜாரா இருக்குதுங்க."

எலும்பு பளபளவென்று வருகிறது. இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு வியர்த்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அம்மா, பப்பாளிக்காய் போட்டீர்களா?

"போட்டங்க. உள்ளங்கை அளவு. எங்க அளவு அதாங்க."

அவ்வளவுதானா?

தலை குனிகிறார். சொல்லுங்கள் அம்மா. "சொல்லக் கூடாதுன்னு பெரியவங்க சொன்னாங்க." எந்தப் பெரியவர்? "ஒருத்தர் இல்லீங்க. மூணு பேரு."

கடைசி வரிசையும் இப்போது முன்னால் சாய்ந்து கேட்கிறது. என் உரைக்கு அது சாய்ந்ததில்லை.

பெருமக்களே! மூன்றாமவனிலிருந்து தொடங்குவதே முறை. மூன்றாமவன் நான். இன்று காலை ஒன்பதரை மணிக்கு, ஆறு பப்பாளிக்காய்களைக் கீறி வடித்த பாலை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனேன். "அம்மா, இது விஞ்ஞானம். கறியில் ஊற்று. யாரிடமும் சொல்லாதே" என்றேன். ஏன் ரகசியம்? நன்றியுரையில் கிருஷ்ணவேணி அம்மையார் எழுந்து, இந்த ஆண்டு கறி மெத்தென்று இருந்ததற்குக் காரணம் நம் ஆசிரியர்தான் என்று வியந்து சொல்ல வேண்டும். நான் அடக்கமாகச் சிரிக்க வேண்டும். இந்தச் சிரிப்பைக் கண்ணாடி முன்னால் ஒத்திகையும் பார்த்திருந்தேன்.

இரண்டாமவர் யார்? அம்மையார் தாமே கை உயர்த்துகிறார்கள். மனச்சாட்சியுள்ள துறை அஞ்சல் துறை. "எட்டு மணிக்குப் போனேங்க. பப்பாளிக்காய அரைச்சி டிபன் பாக்ஸ்ல. சின்ன டிபன் பாக்ஸ்." பிரபாவதி அம்மா குறுக்கிடுகிறார்: "நாலு அடுக்குங்க."

முதலாமவர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இப்போது நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டார். "எங்க வூட்டு மரத்துக் காயி. ஒண்ணே ஒண்ணுதான்யா" என்கிறார். "மூணுங்கய்யா" என்கிறார் பிரபாவதி. "மூணாவது சின்னதும்மா!" என்கிறார் தலைவர். அவைக்குறிப்பில் ஏறட்டும்.

அம்மா, மூன்று பேர் வந்தோமே, போதும் என்று ஒருவரிடமாவது சொல்லக் கூடாதா? அவர் தந்த விடையைக் கேளுங்கள்: "வேணாம்னுதாங்க நெனச்சேன். ஆசையா எடுத்துக்கினு வந்து நிக்கறாங்க. வயசுல பெரியவங்க. மூஞ்சியப் பாத்து எப்படிங்க வேணாங்கறது? மொதல்ல ஒருத்தர்து போட்டேன். அப்பறம் அடுத்தவங்கள்த போடலன்னா ஓரவஞ்சன ஆயிடுமேன்னு போட்டேன்."

கடைசியாக ஒரு கேள்வி. கறியை எப்போது அடுப்பில் ஏற்றினீர்கள்? "பத்தரைக்கே ஏத்தியாச்சுங்க. சாப்பாடு பன்னண்டுக்குத்தானன்னு. கொதி வர்றதுக்குள்ள செயலாளரம்மா ஓடியாந்து, இந்த வருசம் பேச்சு முடிஞ்சிதான் சாப்பாடு, கொதிக்க வுடாத, தீயத் தணிச்சி வெதுவெதுன்னு வெச்சிரு, வாத்தியாரு எப்ப முடிப்பாருன்னு தெரியாதுன்னாங்க. அப்போலேந்து வெதுவெதுன்னே வெச்சிக்கினு இருக்கோம்."

போதும். வழக்கு முடிந்தது. தீர்ப்பு சொல்கிறேன்.

கறி களவு போகவில்லை! கறி கரைந்தது! கரைத்தது யார்? கரண்டி பிடித்த கையா? காய் கொடுத்த கைகள்! கத்தரிக்கோலுக்குக் கொண்டாட்டமான சூட்டில் இரண்டு மணி நேரம் காக்க வைத்தது யார்? பிரபாவதியா? கடந்த மாதம் கதவைச் சாத்திக்கொண்டு நாம் எடுத்த தீர்மானம்! கொதிக்கவிட்டிருந்தால் பத்து நிமிடத்தில் கத்தரிக்கோல் ஓய்ந்திருக்கும். கொதிக்கவிடாமல் தடுத்தது எது? என் உரை! புரதத்தைப் பற்றி நான் இங்கே பேசப் பேச, புரதம் அங்கே கரைந்துகொண்டிருந்தது. ஓர் ஆய்வாளனுக்கு இதைவிட நேரடியான விளைவு வாய்த்ததில்லை.

கரைந்த கறி எங்கே? அண்டாவில்! பதினெட்டு கிலோவில் எலும்பு போக ஒரு குன்றிமணி குறையாமல் அதே அண்டாவில்! அதே இருபது வகைப் பயணிகள், அதே பேருந்து நிலையம். கோத்த கைகளை மட்டும் விட்டுவிட்டு நிற்கிறார்கள். நாம் உண்ட கறியை நம் வயிறு என்ன செய்கிறது? இப்படித்தான் வெட்டுகிறது, இப்படித்தான் கரைக்கிறது. உங்கள் வயிறு மாலை நான்கு மணிவரை பாடுபட்டுச் செய்ய வேண்டிய வேலையை, ஐந்து பெண்கள் மதியத்துக்குள்ளேயே முடித்துத் தந்திருக்கிறார்கள். இவர்களையா கள்ளர் என்றோம்? கடைசி வரிசைப் பெரியவரே, என்ன சொல்லப் போகிறீர்கள்?

எழுந்து நிற்கிறார். "தப்பாப் பேசிட்டேம்மா." பிரபாவதி சொல்கிறார்: "பரவால்லங்கய்யா, உக்காருங்க. கால் வலிக்கும்."

பெருமக்களே, அந்த ஒரு சொல்லுக்கு இந்த மண்டபம் எழுந்து நிற்கலாம். கால் வலிக்காதவர்கள் நிற்கலாம்.

இனித் தீர்மானத்தின் வாசகம். மென்மை குறித்து எந்தப் பல்செட்டிலிருந்தும் புகார் எழாவிடில். புகார் எழுகிறதா என்று சோதித்துவிடுவோம். ரோஜா அவர்களே, அண்டாவிலிருந்து ஒரு கிண்ணம் சவுரிராயன் அண்ணனுக்கு. பாருங்கள், அண்ணன் பல்செட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் வைக்கிறார். கிண்ணத்தை எடுக்கிறார். கண்களை மூடுகிறார். இன்னொரு கிண்ணம் கேட்கிறார். அண்ணே, முதலில் தீர்ப்பு! "பல்லுலேந்து ஒரு புகாரும் இல்லீங்க. பல்லுக்கு இன்னா நடந்துச்சுன்னே தெரியாது. ருசி மட்டும் போன வருசத்துதுக்கு நூறு மடங்கு. ஜல்தி இன்னொரு கிண்ணம் குடும்மா!"

தலைவர் அவர்களே? தலையசைக்கிறார். செயலாளர் அவர்களே? எழுதிவிட்டார்கள். பன்னிரண்டு மாதமும் பிரபாவதி குழுவினருக்கே! தட்டுங்கள் கையை! கையிலிருப்பதும் புரதம்தான், தட்டினால் தேயாது!

பிரபாவதி அம்மா ஒரு கோரிக்கை வைக்கிறார். "அடுத்த மாசத்துலேந்து சமையல்கட்டு பின்வாசலுக்கு ஒரு பூட்டு போட்டுக்கலாமாங்க?" செயற்குழு சார்பில், குற்றவாளிகள் மூவரின் சார்பிலும், ஒப்புக்கொள்கிறேன். சாவி அவரிடமே இருக்கும்.

பசியோடு கேட்ட காதுகளுக்கு நன்றி. பழி சொன்ன வாயைத் திருத்திக்கொண்ட பெரியவருக்கு நன்றி. ஊற்றியதையெல்லாம் வாங்கிக்கொண்ட அண்டாவுக்கு நன்றி. மண்டகப்பட்டுப் பெண்கள் ஐவருக்கும் என் வணக்கம், வாழ்த்து. இந்த அவைக்கும் வணக்கம்.

பந்தி தயார். இலைகள் போட்டாயிற்று. ஒவ்வோர் இலைக்கும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருக்கும். கறி அதில் இருக்கிறது.